புளித்த ஓடையும் ஒரு லோடு தண்ணீரும்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. தவளக்குப்பம் தாண்டி உள்ளே போகும் மண் ரோட்டில், எப்போதோ மூடிப்போன ஒரு தொழிற்கூடத்தின் பின்னால் சின்ன ஓடை ஒன்று உண்டு. அங்கே கொட்டிக் கிடக்கும் கழிவு மேட்டுக்குள் மழைநீர் இறங்கி வருவதால், தண்ணீர் டிகாஷன் நிறத்தில் ஓடும். எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. மீன் இல்லை, தவளை இல்லை. ஆனால் கற்களின் மேல் மட்டும் பச்சையாக, வழவழவென்று ஒரு பாசிப்படலம். அதற்குள் கூட்டமாக வாழும் நுண்ணுயிர்களைப் பற்றித்தான் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

துணைக்கு வர வேண்டிய தோழிக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்ததால் நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பாசியைச் சுரண்டிப் பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தேன். காலடியில் கல் புரண்டது. ஓடைக்குள் குப்புற விழுந்தேன்.

எழுந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. மிளகாயை அரைத்து அப்பியது மாதிரி எரிச்சல். உடனே கழுவ வேண்டும் என்று தெரியும். நல்ல தண்ணீரோ ரோட்டில் நின்ற ஸ்கூட்டரில். ரோடு எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. கத்தினேன்.

ஏதோ வண்டி நின்றது. "யாரு அங்க? இன்னா ஆச்சு?" என்று கேட்டபடி ஒரு பெண் இறங்கி வந்து, என்னை மேலே இழுத்துப் போனாள். அவள் ஓட்டி வந்தது குடிநீர் கேன் ஏற்றிய லோடு ஆட்டோ.

"ஆசிட் தண்ணிங்க. நிறுத்தாம ஊத்துங்க" என்றேன்.

கேனை வண்டி விளிம்பில் சாய்த்து வைத்து, மறு கையால் என் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். ஒன்று தீர்ந்ததும் அடுத்தது. நடுவில் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்து, "தண்ணி வரும், லேட்டாவும். இங்க ஒரு பொண்ணுக்குக் கண்ணு போற மாதிரி இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மிச்சமிருந்த தண்ணீரோடு என்னைக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வழி முழுக்க நான் வண்டியில் கிடந்த ஒரு சொம்பால் மொண்டு கண்ணில் விட்டுக்கொண்டே வந்தேன். கருவிழியில் மேலோட்டமான புண்தான், உடனே கழுவியதால் பார்வை தப்பித்தது என்றார் டாக்டர். என் அக்கா வந்து சேரும் வரை அவள் போகவில்லை. போகும்போது பாசி பாட்டிலை அக்காவிடம் கொடுத்து, "ஒங்க தங்கச்சி இத்த மட்டும் கையிலேர்ந்து உடவே இல்ல" என்றாளாம்.

கண் சரியானதும் அவளைத் தேடிப் போய், ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தேன். நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாள். மேலே இருக்கும் பாசி வெயிலில் சாப்பாடு செய்கிறது, கீழே இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்றுவிட்டு, பாசிக்கு வேண்டிய கரியமிலவாயுவைத் தருகின்றன என்று விளக்கினேன்.

"இதுங்களுக்கு எரியாதா?"

"உள்ள வர்ற புளிப்பை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும்."

"அப்ப ஓய்வே கெடையாது" என்று சிரித்தாள்.

படியிறங்கும்போதுதான் கேட்டேன், அன்றைக்குத் தண்ணீர் எங்கே போக வேண்டியிருந்தது என்று.

"கல்யாண மண்டபத்துக்கு. அவங்க அப்புறம் தண்ணி போட வேற ஆளு வச்சிக்கினாங்க" என்றாள், வருத்தம் எதுவும் காட்டாமல். "உடு, வேற எடம் கெடைக்கும்" என்று அவளே பேச்சை முடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

நான் கேட்காமல் இருந்திருந்தால் அவள் அதைச் சொல்லியிருக்கவே மாட்டாள். அதிலிருந்து யார் எனக்கு எந்த உதவி செய்தாலும், அதற்காக அவர்கள் எதை இழந்தார்கள் என்று கேட்காமல் என்னால் வெறும் நன்றி சொல்ல முடிவதில்லை.