சித்தியின் ஆபீஸ் போனும் ஒன்பது வீடுகளும்

உலகத்தில் எந்தெந்த ராஜாவோ போர் தொடுத்துச் சிந்திய ரத்தத்தையெல்லாம் தராசின் ஒரு தட்டில் ஊற்றி, என் சித்தி எடுத்த ரத்தத்தை இன்னொரு தட்டில் வைத்தால், ராஜாக்களின் தட்டு மேலே போய்க் கூரையில் முட்டும். அவள் இரண்டு விரலால் தட்டினால் கற்சிலையின் கையில்கூட நரம்பு எழுந்து நின்று, கூப்பிட்டீங்களா என்று கேட்கும். அவளுடைய ஆபீஸ் போன் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து, கீழே நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியை உடைத்துவிட்டு, தான் மட்டும் ஒரு கீறல் இல்லாமல், அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று அறிவித்தது. இதில் போன் விழுந்த கதை மட்டும் நிஜம். ஸ்கூட்டர்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

சித்தி ஒரு லேபுக்காகக் காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். நான் வைத்த பெயர் கொசு. அவள் அதற்குக் கோபப்பட மாட்டாள். கொசு ஒரே தடவையில் நரம்பைப் பிடித்துவிடும், நர்சுகளே இரண்டு தடவை குத்துவார்கள் என்பாள். அம்மாவுக்குத் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஏன் எங்கள் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றுவாள், அதனால் நான் கேட்பதில்லை. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். அந்த வருஷத்திலிருந்து வீட்டில் வெட்டியாக இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்லும்போது, இல்லை, யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லும் ஒரே ஆள் சித்திதான். நான் என்ன யோசிக்கிறேன் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த போனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேப் கொடுத்தது. செங்கல் கனம், இரண்டு நாள் சார்ஜ் நிற்கும். அது வருவதற்கு முன்னால் சித்தி நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள். ஒரு தடவை ஒரே கட்டடத்தில் ஒரே பெயர் கொண்ட இரண்டு பேர். சர்க்கரை இல்லாதவர் ஒரு வாரம் பயந்துபோய் இனிப்பை நிறுத்தினார், சர்க்கரை உள்ளவர் அதே ஒரு வாரம் கொண்டாடினார். இப்போது ஒவ்வொரு குழாயிலும் கோடு போட்ட ஸ்டிக்கர். போனைக் காட்டினால் கீச்சென்று படிக்கும். குழாய் மாறினால் திரை சிவப்பாகிவிடும். போன் வந்த பிறகு ஒரு துளி இடம் மாறவில்லை. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஆபீஸ் பக்கம் ஒன்று, வீட்டுப் பக்கம் ஒன்று. காலை ஐந்தரைக்கு ஆபீஸ் பக்கம் விழித்தால் வீட்டுப் பக்கம் தூங்கிவிடும். பத்து மணி வரை லேபும் நோயாளிகளும் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் அவளிடம் ஒலிக்காது. போன வருஷம் நான் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டபோது அம்மா பதினோரு தடவை கூப்பிட்டாள். போன் அந்தப் பதினொன்றையும் வைத்திருந்து, பத்து மணிக்கு மொத்தமாக அவள் தலையில் கொட்டியது. சித்தி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எனக்குத் தையல் போட்டு முடித்துவிட்டார்கள். வந்ததும் தையலைப் பார்த்து, யார் போட்டது, கோணலா இருக்கு என்றாள். பிறகு அந்த போனை நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். போனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது அவள் எங்கே நிற்கிறாள் என்று மேற்பார்வையாளருக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். அவருக்கு நான் வைத்த பெயர் கழுகு. ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். பதிமூன்றாவது நிமிஷம் போன் அதிரும். இதனால் சித்தி லீவு நாளில்கூட எதிலும் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டாள். சாப்பிடும்போது பாதியில் எழுந்து நிற்பாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்காருவாள். குளிக்கும்போது போன் பிளாஸ்டிக் கவரில் ஆணியில் தொங்கும். அது சும்மா இருந்தாலும் அவள் கை இடுப்பைத் தட்டிப் பார்க்கும்.

இன்னொன்றும் உண்டு. ரத்தம் கொடுத்தவர்கள் போனில் நட்சத்திரம் போடலாம், குறிப்பும் எழுதலாம். மூன்று மாதம் சராசரி நாலே முக்கால் நட்சத்திரத்துக்குக் குறையாமல் இருந்து, ஒரு குறையும் வராமல் இருந்தால், லேபின் முன்னறையில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்கும். ஆட்கள் நம்மைத் தேடி வந்து கையை நீட்டுவார்கள். அந்த நாற்காலி சித்திக்கு எதற்கு வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் படியிறங்கும்போது அவள் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறாள். துணி துவைக்கக் குத்துக்காலிடாமல் வாளியைக் கவிழ்த்து உட்காருகிறாள். தூங்கும்போது வலது முட்டிக்கடியில் என் தலையணை இருக்கும். தலையணையைக் காணோம் என்று நான் இரண்டு மாதமாகத் தேடவில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சித்தி 'வ' என்று ஒரு எழுத்தைத் தட்டுவாள். கீபோர்டு அதை, 'வணக்கம், ரத்தம் எடுக்க வந்திருக்கிறேன், கதவைத் திறக்கவும்' என்று நீட்டி எழுதிவிடும், அவள் படிக்காமலே அனுப்பிவிடுவாள். திங்கள்கிழமை ராத்திரி அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதை நான் மாற்றினேன். 'வணக்கம், ரத்தம் குடிக்க வந்திருக்கிறேன், கழுத்தைத் தயாராக வைக்கவும்.' போனின் பூட்டு எண் அவள் விரலைப் பார்த்தே எனக்குத் தெரியும். மாற்றிவிட்டுத் தலையணையில்லாமல் நிம்மதியாகத் தூங்கினேன்.

செவ்வாய் காலை ஆறேகாலுக்கு அம்மா காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கோட மூணு மாசம் முடியுது. எதுவும் கெட்டுப்போகாம இருந்தா நாளையிலேருந்து அவளுக்கு நாற்காலி."

நான் சித்தியைக் கூப்பிட்டேன். வீட்டுப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். பிறகு செருப்புக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்தேன். ஒன்பது வீடு. முந்தின நாள் பட்டியல் வந்ததும் சித்தி அதைச் சத்தமாகப் படிப்பாள், அதனால் வரிசை எனக்கு மனப்பாடம். கணக்கு ஏறாத மண்டையில் இதெல்லாம் நன்றாக ஏறும்.

முதல் வீடு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கழுத்தைச் சுற்றித் துண்டு. போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். நான் எழுதியதை நானே படித்தேன். ராத்திரி இருந்த நகைச்சுவை காலையில் அதில் ஒரு துளியும் இல்லை.

"கழுத்தைப் பொத்திக்கிட்டுத்தான்மா தொறந்தேன்" என்று சிரித்தார்.

நான்தான் செய்தேன், சித்திக்கு ஒன்றும் தெரியாது, ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள் என்று ஒரே மூச்சில் கேட்டேன். ஸ்டாரெல்லாம் எங்கே இருக்குன்னு தெரியாதே என்றார். நானே தொட்டுக் காட்டினேன். ஐந்து விழுந்தது. சித்தி போய்ப் பத்து நிமிஷமாகிறது என்றார். வந்து எட்டே நிமிஷத்தில் முடித்துவிட்டாளாம். அவசரமாய் வேலை செய்கிறாள் என்றால் முட்டி மோசமாக இருக்கிறது என்று அர்த்தம். நின்றால் வலிக்கும், அதனால் ஓடுவாள்.

இரண்டாவது வீடு தையல்காரம்மா. கதவைத் திறந்ததும் நான் மன்னிப்பு கேட்டேன். எந்த மெசேஜ் என்று கண்ணாடியைத் தேடினார். பாக்காதீங்க, அழிச்சிடுங்க, நட்சத்திரம் மட்டும் போடுங்க என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மரியாதைக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். உங்க சித்திதான் என் பேத்திக்கு ஊசி பயத்தைப் போக்கினாள், அவளுக்கு நான் குறை வைப்பேனா என்றார். சித்தி கிளம்பி எத்தனை நேரம் என்றேன். இப்போதுதான் என்றார்.

மூன்றாவது வீட்டில், இரண்டாம் மாடி அம்மா. அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நான்காவது ஜிம் மாஸ்டர். கை என் இடுப்பு அளவு. அந்தக் கையை நீட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு தன் நாயின் கதையைச் சித்தியிடம் சொல்லுவாராம், கதை முடிவதற்குள் குழாய் நிறைந்துவிடுமாம். இன்றைக்குக் கதையில் நாய் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் இடம்கூட வரவில்லை, அதற்குள் முடிச்சிட்டாங்க, முழுசா கேட்கவே இல்லை என்று வருத்தப்பட்டார். கழுத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்பு கேட்டேன். அவர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்து, ஏன், வீங்கியிருக்கா என்று பயந்தார். நான் ஓடிவிட்டேன்.

ஐந்தாவது வீட்டின் கீழ்ப்படியில் அவளைப் பிடித்தேன். தோளில் ஐஸ் பெட்டி, ஒரு கை கைப்பிடிச் சுவரில். பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். என் வெறுங்காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"செருப்பு எங்கடி?"

எல்லாவற்றையும் சொன்னேன். யார் யார் வீட்டில் என்ன சொன்னேன் என்றும் சொன்னேன். அவள் போனை எடுத்து நேரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அந்த டிரைவர் சார் கழுத்துல துண்டைக் கட்டிட்டு நிக்கும்போதே பாத்துட்டேன். அங்கேயே நின்னு மாத்திட்டேன். அவரைத் தவிர யாருக்கும் அது போகலை."

"அப்போ நான் போய்ச் சொன்னது?"

"நீ போய்ச் சொன்னதுதான் எல்லாருக்கும் தெரியும்."

அப்போது போன் அதிர்ந்தது. கழுகு. ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது. ஒரு வீட்டிலிருந்து ஐந்து நட்சத்திரத்தோடு குறிப்பு வந்திருக்கிறதாம். வீட்டு ஆட்களை அனுப்பி நட்சத்திரமோ சிபாரிசோ கேட்பது விதிமீறலாம். அவருக்கே சங்கடமாக இருக்கிறதாம், ஆனால் குறிப்பு நேரே மேலே போய்விட்டது, இந்த மாதத்தைச் சேர்க்க முடியாது, இன்னும் ஒரு மாதம் சுத்தமாக இருந்தால் பார்க்கலாமாம். சித்தி ஆறு தடவை சரி சார் சொன்னாள். ஆறாவதில் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஐஸ் பெட்டியைக் கழற்றி என் தோளில் மாட்டினாள். பெட்டி என்ன கனம் என்பதை எந்தப் போனும் யாருக்கும் காட்டுவதில்லை.

மீதி நாலு வீடு. நான் பெட்டியோடு முன்னால் ஏறினேன், அவள் வெறுங்கையோடு பின்னால் வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் 'வ' தட்டி, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அனுப்பினாள். உள்ளே போனால் வேறு ஆள். ரப்பர் பட்டையைக் கட்டுவதற்குள் அந்த வீட்டு ஆளின் மருமகள் சண்டை, தண்ணீர் வராத குழாய், வெறும் வயிறு என்று சொல்லிவிட்டுத் திருட்டுத்தனமாகக் குடித்த டீ, எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். டீயை வாசனையிலேயே கண்டுபிடிப்பாள். ஏழாவது வீட்டுத் தாத்தாவை, நாளைக்கு வரேன், இன்னிக்குக் குடிச்ச டீ எப்படி இருந்துச்சு என்று கேட்டுவிட்டு ஊசியைத் திறக்காமலே எழுந்தாள். அவர் இன்னும் ஒரு தடவை அவளைப் பார்க்கலாம் என்பதற்காகவே குடித்தவர் மாதிரி சிரித்தார்.

பத்து மணிக்கு லேபில் குழாய்களை ஒப்படைத்துவிட்டு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டுப் பக்கம் விழித்து, நான் காலையில் கூப்பிட்ட ஒன்பது அழைப்பையும் வரிசையாகக் கொட்டியது. அவள் அவற்றை எண்ணினாள். பிறகு ஆபீஸ் பக்கத்துக்குப் போய் அந்தக் குறிப்பைத் தேடிப் படித்தாள். டீ ஆறியது. பன்னிரண்டு நிமிஷம் தாண்டியும் அவள் எழுந்திருக்கவில்லை.

நாளையிலிருந்து ஒரு மாதம், ஐந்தரைக்கு, பெட்டி உன்னுடையது என்றாள். சம்பளம் உண்டா என்று கேட்டேன். போடி என்றாள். அப்படியென்றால் கோபம் தீர்ந்தது என்று நான் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

அவள் திரையைப் பார்த்தபடியே, சத்தமாக, பட்டியல் படிக்கிற அதே குரலில் படித்தாள்.

"'ரத்தம் எடுப்பவர் மிக நல்லவர். இவருடைய அக்கா மகள் வந்து, சித்திக்கு முட்டி வலிக்கிறது, படி ஏற முடியவில்லை, ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டாள் என்று வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதது. தயவுசெய்து உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கவும்.'" போனைக் கவிழ்த்து வைத்தாள். "மூணாவது வீடு. அழுதியா?"

"இல்ல சித்தி. கண்ணுல தூசி."

"அந்த வீட்டுலயா?" என்றாள். "அந்தம்மாவுக்கு ஆஸ்துமாடி. ஒரு நாளைக்கு மூணு தடவை ஈரத்துணியால துடைக்கும். அங்க தூசி எங்கேருந்து வந்துச்சு?"