லாயிட்டை ஊதச் சொன்னார்கள்

"நாக்கு செத்தவனுக்குச் சமைக்க நான் என்ன கம்பவுண்டரா?" என்று லாயிட் ஒருமுறை கத்தினான். அவன் பெரிய சமையல்காரனாக இருந்த ஓட்டலில், உப்பில்லை என்று மீனை மூன்றாவது தடவை திருப்பி அனுப்பிய ஆளைப் பார்த்து. "என்னடா சொன்னே?" என்று அந்த ஆள் எழுந்தான். தட்டு அவன் சட்டையில் போய் விழுந்தது. அன்றைக்கு லாயிட் குடித்திருந்தான். அதை மறைக்க எனக்கு என்ன அவசியம்? வேலை போயிற்று.

அப்புறம் ஐந்து வருஷம் பிரேசர் டவுன் சாராயக் கடை வாசலில்தான் கிடந்தான். பெண்டாட்டி மௌரீன் சர்ச்சுக்கு இழுத்துப்போய் முழங்கால் போட வைத்து, "இனிமே தொட்டா வீட்டுப் படி ஏறாதே" என்றாள். அதோடு விட்டான். மனுஷன் விட்டது விட்டதுதான்.

தொண்ணூற்றெட்டில் கோவிந்தப்பா அதே ஏரியாவில் ஒரு ரெஸ்டாரன்ட் திறந்தார். மெழுகுவர்த்தி ஏற்றி, பெரிய தட்டில் ஒரு வாய் சோறு வைத்து, ஐந்நூறு ரூபாய் பிடுங்குகிற இடம். நான் ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் ஏறிப்போய் அங்கே பாத்திரம் கழுவினேன். லாயிட்டுக்குக் காய் நறுக்கி ஜூஸ் போடுகிற வேலை. "ஒரு வருஷம் குடிக்காம இரு, கிச்சன் உன் கையில" என்று முதலாளி சொல்லியிருந்தார். பதினோரு மாசம் ஆகியிருந்தது.

அன்று மத்தியானம் முதலாளியின் அம்மா வந்தாள். ஜுரம் விட்டு எழுந்த கிழவி. கன்னடம் தவிர வேறு தெரியாது. "டொமேட்டோ சாரு கொடப்பா" என்று மேனேஜர் அருண்குமாரிடம் கேட்டாள்; தட்டு எடுக்கப் போயிருந்த என் காதிலும் விழுந்தது. அவன் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு மாசம்தான். சாரு என்றதும் நம்ம ஊர்ப் பழச்சாறு என்று நினைத்து, சீட்டில் ஜூஸ் என்று எழுதி அனுப்பிவிட்டான். லாயிட் ஐஸ் போட்டுக் கொடுத்தான். ஜுரக்காரிக்கு ஐஸ்!

கோவிந்தப்பா அடுப்படிக்கே வந்துவிட்டார். "ரசம் கேட்டா ஐஸ் தண்ணி அனுப்புறியா? மறுபடியும் போட்டுட்டியா?"

"சீட்டுல ஜூஸ்னுதான் சார் இருந்தது."

"வாயைத் திற. ஊது."

பத்துப் பேர் பார்க்க ஊதச் சொன்னார். நாற்பத்தைந்து வயசு ஆள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஊதினான். அந்த அருண்குமார் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், பாவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரக் கையோடு போய், கம்பியில் குத்தியிருந்த சீட்டையெல்லாம் உருவி முதலாளி முகத்துக்கு முன்னால் நீட்டினேன். "எனக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? படிய்யா! உங்கம்மா கேட்டது சாரு. கன்னடத்துல அது ரசம். இந்தத் தொரை தமிழ்ல கேட்டுக்கிட்டு ஜூஸ்னு எழுதினா, ஊதறது இவனா?"

படித்தார். முகம் சுண்டியது. "சரி சரி, தப்பாயிடுச்சு. வேலையைப் பாரு லாயிட். அடுத்த மாசம் கிச்சன் உனக்குத்தான்."

"எல்லார் எதிர்லயும் ஊதச் சொன்னீங்க சார். எல்லார் எதிர்லயும் ஒரு சாரி சொல்லிடுங்க."

"உனக்கு நான் சாரி சொல்லணுமா?"

தட்டு பறக்கப் போகிறது என்று நினைத்தேன். லாயிட் போய் அடுப்பைப் பற்றவைத்தான். தக்காளியைப் பிசைந்து, மிளகு தட்டி, ரசம் வைத்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டான். "அம்மாவுக்குச் சூடா கொண்டுபோங்க" என்று அருண்குமார் கையில் கொடுத்தான். ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு நடந்தான். எனக்கு மட்டும் அங்கே என்ன வேலை? நானும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன்.

ரோட்டில் நின்று, "இனி எவன் கிச்சனும் வேணாம், ரத்தினம்மா. வீட்டு வாசல்லயே சாப்பாட்டுக் கடை போடறேன். வர்றீங்களா?" என்றான்.

"கூலி ஒழுங்காக் கொடுத்தா வரேன்டா" என்றேன்.

மறுநாள் காலையில் சிவாஜி நகரில் பழைய சாமான் விற்கிறவனிடம் போய், ரெண்டு பர்னர் வைத்த இரும்பு அடுப்பு ஒன்று வாங்கினோம். அவன் ஆயிரத்து இருநூறு சொன்னான். நான் வாயைத் திறந்த பிறகு எழுநூற்று ஐம்பது.