முத்திரை இல்லாத புத்தகங்கள்

1. கூட்டம்

நாற்காலி பறந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். சாரம் என்ற பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய நூலகம் எங்களுடையது. நான் அதன் நூலகர். போன மழைக்காலத்தில் எங்கள் வாசிப்பறையில் ஒரு நாவலைப் பற்றிக் கூட்டம் நடந்தது. எழுதியவர் நோணாங்குப்பம் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. ஊர்ப் பெண்கள் சண்டையில் பேசுகிற பேச்சை அப்படியே எழுதியிருந்தார். அந்த வார்த்தைகளை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புத்தகத்தையே தடை செய்ய வேண்டும் என்றார்கள் ஒரு தரப்பினர். தொடக்கூடாது என்றார்கள் இன்னொரு தரப்பினர்.

“எங்க வீட்டுப் பொம்பளைங்க இப்படியா பேசறாங்க?” என்று ஒருவர் மேசையைத் தட்டினார்.

“பேசாமயா உனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுது?” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் எங்கள் வாசகர் அவர். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லால் ஊரில் அவரைச் சொல்தா ஐயா என்றுதான் சொல்வார்கள். அன்று தடைக்கு எதிராக அவரைப்போல் யாரும் பேசவில்லை. நாற்காலி பறந்தது அதற்குப் பிறகுதான்.

மறுநாள் அறக்கட்டளையின் செயலாளர் போன் செய்தார். “மேடம், ஆர்டர்லாம் ஒண்ணும் வரல. கொஞ்ச நாளைக்கு அந்த புக்கை எடுத்து பீரோல வெச்சுடுங்க.”

ஷெல்ஃபில் இருந்த பிரதிகளை எடுத்துப் பூட்டினேன். ஒன்று மட்டும் வெளியே ஒரு வாசகரிடம் இஷ்யூவில் இருந்தது.

2. ரிட்டன் பெட்டி

நூலகம் பூட்டியிருக்கும்போது புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்களுக்காக வாசல் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறோம். தபால் பெட்டிபோல மேலே வாய், உள்பக்கம் கதவு. தினமும் காலையில் உதவியாளர் செல்வி அதைத் திறப்பாள். வெளியே போயிருந்த அந்தப் பிரதி அடுத்த நாளே பெட்டியில் கிடந்தது. நல்லதாயிற்று என்று அதையும் பீரோவில் வைத்தேன்.

அதற்கும் மறுநாள் செல்வி அதே நாவலின் வேறொரு பிரதியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். “மேடம், இது நம்ம புக்கு இல்ல. முத்திரையும் இல்ல, பதிவேட்டு அக்செஷன் நம்பரும் இல்ல. பேர் எழுதற பக்கத்தையே காணோம் பாருங்க.”

முதல் பக்கத்தை யாரோ பிளேடால் சீராக அறுத்து எடுத்திருந்தார்கள்.

பிறகு தினமும் வந்தன. செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி, மழையில் ஊறிப்போய். எல்லாவற்றிலும் முதல் பக்கம் இல்லை. யாரோ எதிர்ப்பைக் காட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஆனால் வேறு புத்தகங்களும் வரத் தொடங்கின. அதே ஆசிரியையின் கவிதைகள். யாருடைய கல்யாணத்திலோ தாம்பூலத்தோடு கொடுத்த பழைய கதைத்தொகுப்பு. அப்புறம் ஒரு டைரி. அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

வாசிப்பறையும் மாறிவிட்டது. பேப்பர் படிக்க வருகிறவர்கள் வாசலைப் பார்த்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்தார்கள். யாரும் நாவலின் பெயரைச் சொல்வதில்லை. “அது” என்பார்கள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மின்விசிறி சத்தம் அவ்வளவு பெரிதாக அதற்குமுன் எனக்குக் கேட்டதே இல்லை.

தடை ஆணை ஏதாவது உண்டா என்று காவல் நிலையத்துக்கே நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த ஏட்டு தலையைச் சொறிந்தார். “எந்த புக்கும்மா? எங்களுக்கு ஒண்ணும் வரலியே. யாரு தடை பண்ணாங்க?”

நிம்மதியாகத் திரும்பியிருக்க வேண்டும். முடியவில்லை. ஆணை என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு புத்தகத்தின் பெயர்தான் இருக்கும். இங்கே ஆணையே இல்லை, எந்தப் புத்தகத்துக்கும் பயப்படலாம். பெட்டி மட்டும் நிறைந்துகொண்டிருந்தது.

3. சொல்தா ஐயா

ஒரு காலையில் நான் சீக்கிரம் வந்துவிட்டேன். பெட்டியின் முன்னால் சொல்தா ஐயா நின்றிருந்தார். கையில் தடித்த பிரெஞ்சு–தமிழ் அகராதி. அது பெட்டியின் வாய்க்குள் நுழையவில்லை. குப்புறப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார்.

“ஐயா?”

அவர் திரும்பவில்லை. “மதாம், நீங்க என்னைப் பாக்கல.”

“யாராவது மிரட்டுனாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. வீட்டாண்ட வந்துகூடப் பாக்கல. அதான் பயமா இருக்கு.”

“இது அகராதிங்க ஐயா. இதை யாரு என்ன சொல்லப் போறாங்க?”

“எல்லா வார்த்தையும் இருக்கே மதாம் இதுல. அவங்க கூடாதுங்கற வார்த்தையும் இருக்கும்ல?”

அகராதியை என் கையில் வைத்துவிட்டு, மழைத் தண்ணீரில் கால் வைத்து நடந்து போனார். அன்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய மனிதர் இவர்தானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

4. என் புத்தகம்

அதே வாரம் பெட்டியிலிருந்து வந்த நாவல் ஒன்றைப் புரட்டினேன். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். என் கையெழுத்து. ஆசிரியை எனக்கு ‘நூர்ஜகான் அக்காவுக்கு’ என்று எழுதிக்கொடுத்த பக்கம் அறுக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டேன். கல்லூரியில் படிக்கிறாள். மறைக்கவில்லை.

“நான்தாம்மா போட்டேன். ஊரே கொண்டுபோய்ப் போடுது. நம்ம பேரு வேற இப்படி. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா நீ என்னம்மா சொல்லுவ?”

அவளைத் திட்ட முடியவில்லை. பயந்தது எனக்காகத்தானே.

காலையில் செயலாளரைப் போனில் கூப்பிட்டேன். “சார், பீரோவைத் திறக்கப் போறேன். வேணாம்னா எழுத்துல ஆர்டர் குடுங்க.”

“நான் எப்படி மேடம் எழுத்துல குடுக்கறது?”

“அப்ப திறக்கறேன் சார்.”

“ஏதாவது ஆச்சுன்னா உங்க பேருதான் வரும்.”

“வரட்டும் சார்.”

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். செல்வி கேட்காததுபோல் ஸ்டாம்ப் பேடில் மை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நாவலை ஷெல்ஃபில் அதன் இடத்தில் வைத்தோம். பெட்டியில் வந்த புத்தகங்களையும் ஐயாவின் அகராதியையும் வாசலுக்கு அருகே மேசையில் பரப்பி, உரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அட்டை எழுதி வைத்தோம். டைரியை மட்டும் உறையில் போட்டு ஒட்டி வைத்தேன். பல நாள் யாரும் எதையும் எடுக்கவில்லை. தன் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நம்மளது இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அதன் பிறகே டைரி தவிர ஒவ்வொன்றுக்கும் அக்செஷன் நம்பர் போட்டு முத்திரை குத்தினோம்.

சொல்தா ஐயா ஒரு மத்தியானம் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் அகராதியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் புரட்டினார். உறுப்பினர் அட்டையை நீட்டினார்.

“நல்ல புக்கு. இதை எடுத்துட்டுப் போலாமா மதாம்?”

“போலாம் ஐயா.”

“கேட்டாங்கன்னா?”

“லைப்ரரி புக்குன்னு சொல்லுங்க. எங்களை வந்து கேக்கட்டும்.”

அவர் முத்திரையின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். மை காய்ந்திருந்தது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். கணக்குக்காகத்தான் முத்திரை குத்துகிறோம் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். படிக்கிறவரிடமிருந்து பயத்தை வாங்கி நம் பெயரில் வரவு வைப்பதும் அதில்தான் நடக்கிறது. அந்தப் பயம் நமக்கும் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. அதோடுதான் குத்த வேண்டும்.