அஷ்டமியில் அளக்காத வீடு

என் கல்யாண வாழ்க்கையில் மிச்சம் என்ன தேறும் என்று மதிப்புப் போட ஓர் இன்ஜினியர் வரப்போகிறார் என்று வக்கீல் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆறு வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டியவள் நான். என்னைக் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்பேன். ஆனால் கோர்ட்டுக்கு வாய்ச்சொல் ஆகாதாம். சீல் குத்திய காகிதம் வேண்டுமாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் என் புகுந்த ஊர். நான் வாழப்போனபோது அங்கே இருந்தது கூரை வீடு. மனையை மாமனார் தன் மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தார். அதன் மேல் தளம் போட்ட மெத்தை வீடு கட்ட என் அப்பா போட்ட நகை அத்தனையும் போயிற்று. "வூடு யாரு பேர்ல இருந்தா இன்னா, நீதானே ஆளப்போறே" என்று மாமியார் சொன்னார். நானும் ஆண்டேன். விடியலில் எழுந்து வாசல் பெருக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ராணி மாதிரிதான் ஆண்டேன்.

கணவரைக் குறை சொல்ல முடியாது. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. சோறு போடட்டுமா என்று நான் கேட்டால், பசிக்கிறதா இல்லையா என்று அவர் அம்மா முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார், அவ்வளவுதான். இனிமேல் எனக்குப் பிள்ளை பிறக்காது என்று மாமியார் ஒரு நாள் முடிவு கட்டினார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இவர் அதற்கும் தலையாட்டினார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு சாலவாக்கம் பக்கம் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணி தங்கமானவள். இன்னும் எத்தனை நாள் இருப்பாய் என்று வாயால் கேட்டதே இல்லை. நான் சாப்பிட உட்காரும்போது பாத்திரங்களை விட்டுக் கேட்கவைப்பாள். அந்தச் சத்தத்தில் ஒரு வருஷம் சாப்பிட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் என் கையில் சாவி இருக்கிற ஓர் அறை. அதற்கு ஒரே வழி, கட்டடத்தின் மதிப்பில் பாதியை வாங்குவது. பாதியைக் கொடுத்தால் நானும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு விவாகரத்தை முடித்துக்கொள்வது என்று இரண்டு வக்கீல்களும் பேசிவைத்தார்கள். மதிப்பு எவ்வளவு என்பதற்குத்தான் காஞ்சிபுரத்திலிருந்து இன்ஜினியர்.

தேதியைச் சொல்லும்படி மாமனாரிடம் விட்டார்கள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டித் தேடித் தேடி அஷ்டமியைப் பிடித்தார். அஷ்டமியில் தொட்ட காரியம் விளங்காது, அன்றைக்கு அளந்தால் வீட்டின் விலையும் ஏறாது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஊரெல்லாம் நல்ல நாளுக்கு அலையும்போது, கெட்ட நாளுக்காகப் பஞ்சாங்கம் பார்த்த மனுஷன் அவர் ஒருவர்தான். இதை எதிர்வீட்டு அம்மா எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

அஷ்டமியன்று காலையிலேயே போய்விட்டேன். வீட்டைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாசலில் சாணிகூடத் தெளிக்கவில்லை. எருக்குவியலை முன்சுவர் ஓரமாக வாரிக் கொட்டியிருந்தார்கள். கல் மாதிரி நின்ற சன்ஷேடுக்கு ஒரு சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஃபேன், டியூப் லைட், கலர் டிவி எல்லாம் பங்காளி வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தன. மாமியார் கிழிந்த புடவையில் உட்கார்ந்திருந்தார். இருக்கிற நல்ல புடவையில் எதைக் கிழித்தாரோ தெரியவில்லை.

"பாத்துக்கோ, உங்கப்பன் நகை நிக்கிற அழக" என்றார்.

அந்தச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி என் இடுப்பு கழன்றது எனக்குத்தான் தெரியும்.

பதினொரு மணி வாக்கில் மளிகைக் கடைக்கு போன் வந்தது. இன்ஜினியர் வரமாட்டாராம். அஷ்டமியில் அளவு நாடாவைத் தொடுகிற பழக்கம் அவருக்கு இல்லையாம். பெரிய படிப்புப் படித்தவர், நம்பிக்கையிலும் பெரியவராக இருந்தார். மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தான் படித்த பஞ்சாங்கத்தையே இன்னொருவனும் படிப்பான் என்று அவர் யோசிக்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்து எருவை வாரிக் கொட்டியது வீண்.

நவமியும் கழியட்டும், தசமியன்று வருகிறேன் என்று இன்ஜினியர் இரண்டு வக்கீல்களுக்கும் சொன்னார். என் வக்கீல் எனக்குத் தெரியப்படுத்தினார். அவர்கள் வக்கீலும் தன் குமாஸ்தாவிடம் சொல்லியிருக்கிறார். தசமி முகூர்த்த நாள். குமாஸ்தா ஏதோ ஒரு கல்யாணத்தில் பந்தி பார்த்துக்கொண்டிருந்ததால் சேதி ஊருக்கு வந்து சேரவில்லை.

தசமியன்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இன்ஜினியர் ஸ்கூட்டரோடு நின்றார். அவரைப் பின்னால் வரச் சொல்லி நான் பஸ்ஸில் போனேன். இறங்கிப் பார்த்தால் நான் வாழ்ந்த காலத்தில்கூட அந்த வீடு அப்படி ஜொலித்ததில்லை. எருக்குவியல் போன இடம் தெரியவில்லை. முட்டுக்கம்பும் இல்லை. சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. வாசலை அடைத்துப் படிக்கோலம், பக்கத்தில் யாரோ ஒருவருடைய டிராக்டர். இதெல்லாம் எனக்குப் பழக்கப்பட்ட அலங்காரம்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்வீட்டார் வருகிற அன்றைக்கு ஊரில் பாதி பொருள் இடம் மாறும். என் அப்பா வந்து பார்த்தபோது நின்றது ஒரு ஜோடி காளை. மறுநாளே அது சொந்தக்காரன் வீட்டுக்குப் போய்விட்டது.

ஆக, என் கணவருக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. எனக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்று போயிற்று. விவாகரத்து நான்தானே கேட்டேன், பிறகு எதற்கு இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எங்களைப் பார்த்ததும் மாமியார் பட்டுப்புடவையோடு ஓடிவந்தார்.

"இன்னா சார், இன்னிக்கி வந்துகீறீங்க? அப்பறமா வாங்க சார். விருந்தாளுங்க வர்றாங்க."

"வக்கீல்கிட்ட சொல்லியாச்சு அம்மா. இதை விட்டா எனக்கு அடுத்த மாசம்தான்" என்று அவர் நாடாவை எடுத்துவிட்டார். அதன் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். கணவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு வழியில்லாமல் இவர் மறுமுனையைப் பிடித்தார். ஆறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

நடுவறையை அளக்கும்போதே பழையசீவரத்திலிருந்து வேன் வந்து நின்றது. பெண்ணின் அம்மா, தாய்மாமன், கூட நாலைந்து பெண்கள். மாமியார் சட்டென்று என் தோளில் கை போட்டார். கல்யாணத்தன்று போட்டதோடு சரி, அந்தக் கை.

"இது எங்க பெரிய மச்சினர் பொண்ணு, ஒத்தாசைக்கு வந்துகீது. சாரு இன்ஜினியரு. மாடி எடுக்கப்போறோம், பிளான் போட வந்துகீறாரு."

இன்ஜினியர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் நாடாவைப் பார்த்தேன். அவர் தன் வேலையைத் தொடர்ந்தார்.

தாய்மாமன் விவரமான ஆள். சுவரைத் தட்டிப் பார்த்து, "கடக்கால் எவ்ளோ ஆழம் எடுத்தீங்கோ?" என்று கேட்டார். மண்ணுக்குள் போன அஸ்திவாரத்தை யாரும் தோண்டிப் பார்க்க முடியாது. வீட்டுக்காரர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். இன்ஜினியர் பேனாவைத் தூக்கிப் பிடித்து மாமனார் வாயைப் பார்த்தார். தாய்மாமனும் பார்த்தார்.

"ஆறடி" என்றார் மாமனார். உண்மையில் நாலுகூட இருக்காது.

"வாச நெலை இன்னா மரம்?" என்று தாய்மாமன் அடுத்துக் கேட்டார்.

"தேக்கு."

"தேக்கா?" என்றார் இன்ஜினியர். போன வாரம் அவர்கள் கொடுத்த விவரத்தில் வேப்பமரம் என்று இருந்ததாம்.

"தேக்குதான் எழுதுங்க" என்றார் மாமனார் சன்னமான குரலில்.

எழுதினார். மொசைக், போர் தண்ணீர், இரண்டாம் மாடி தாங்குகிற கம்பி என்று மாமனார் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன ஒவ்வொன்றும் என் பங்கில் ஏறியது. நான் உள்ளுக்குள் கும்மாளம் போட்டேன். சொல்லு மாமா, இன்னும் சொல்லு என்று இருந்தது.

காபி போட்டு எடுத்துவரச் சொன்னார்கள். அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே பெண்ணின் அம்மா வந்தாள். கை காய்த்துப்போன மனுஷி. நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பெண்ணுக்கு நகை சேர்த்தவள் என்று அவளே சொன்னாள். பெண்ணுக்கு முப்பது தாண்டிவிட்டதாம், அதனால்தான் இரண்டாம் தாரம்.

"மொத சம்சாரத்த உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"வாயாடியாமே?"

"வாயாடிதான்."

"வேலவெட்டி ஒண்ணும் செய்ய மாட்டாளாமே?"

"அது பொய்" என்றேன். பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இருந்த நகைநட்டு எல்லாத்தையும் வாரிக்கினு பூட்டான்னு சொன்னாங்கோ."

அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சாவி என் கைக்கு வரும், எனக்கு நன்றாகத் தெரியும். திறந்தால் சம்பந்தம் முறியும், வரப்போகிறவள் நகையை விட்டால் எனக்குக் கொடுக்க அவர்களிடம் பைசா இருக்காது, நான் மறுபடியும் அண்ணி வீட்டுப் பாத்திரச் சத்தத்துக்குப் போக வேண்டியதுதான். அதுவும் தெரியும். ஆனாலும் இந்த மனுஷியின் நாலு மாட்டுப் பாலைக் கறந்து எனக்கு ஊற்றப்போகிறார்கள் என்று நினைத்தபோது தாங்கவில்லை.

"அவ ஒரு குந்துமணிகூட எடுத்துக்கினு போவல" என்றேன். "அவ நகைதான் இந்தச் செவுரு. வெளிய கீறவரு மாடிக்குப் பிளான் போட வரல. அவளுக்கு எவ்ளோ குடுக்கணும்னு மதிப்பு போட வந்துகீறாரு. அத்த உங்க பொண்ணு நகைய வித்துத்தான் குடுப்பாங்கோ."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாரு?"

"அவதான்."

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் துணியைத் தேடினேன். அவள் கூடத்துக்குப் போய்விட்டாள். வேன் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை.

காபித் தட்டோடு நான் வெளியே வந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. பால்காரியிடம் பாக்கி வைக்கிறவர்கள்தான் சத்தம் போடுவார்கள் போலிருக்கிறது, பால்காரி போடுவதில்லை.

"வூட்ட எம் பொண்ணு பேருக்கு எழுதுங்கோ. எழுதின அன்னிக்கே நகை தர்றேன். அத்த வித்து மொதல்ல வந்தவளுக்குச் சேர வேண்டியத குடுங்கோ. அப்பறம் கல்யாணம். சம்மதம்னா காபி குடிக்கிறோம். இல்லன்னா கௌம்பறோம்."

மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றியிருக்கும். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கோர்ட்டு கேஸ் என்று தெரிந்து முறிந்து போயிருந்ததாம், எதிர்வீட்டு அம்மா பிற்பாடு சொன்னாள். மாமனார் தேக்கு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அந்த அதிசயம். என் கணவர் பேசினார். அம்மாவைப் பார்க்காமல் பேசினார்.

"எழுதிக் குடுத்துடலாம்மா."

தட்டை அப்படியே தரையில் வைத்தேன். வந்தது கோபமா அழுகையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆறு வருஷத்தில் எனக்காக ஒரே ஒரு முறை அந்த வாயைத் திறந்திருந்தால் நாங்கள் நாடா பிடித்து நிற்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. பெண்ணின் அம்மா காபியை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை குறைச்சல் என்றாள்.

இரண்டு மாதம் கழித்து உத்திரமேரூர் பத்திர ஆபீஸில் வீட்டை அந்தப் பெண் பேருக்கு எழுதினார்கள். கட்டடத்தில் எனக்கு இனி பாத்தியதை இல்லை என்று நானும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நகையை அன்றைக்கே விற்று எடுத்த என் பங்குக்கான டிராஃப்டை வக்கீல் என் கையில் கொடுத்தார். அதைப் பையில் வைத்து மூடினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வேப்பமரத்தடி பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அவளை முதல்முறை பார்த்தேன். காதில் ஈர்க்குச்சி, கழுத்தில் ஒரு பாசிமணி. என் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எங்கம்மா எல்லாத்தையும் விசாரிச்சிடுச்சிக்கா. கடக்கால், மரம், போரு, எல்லாம்" என்றாள் அவள். "ஆளு எப்படின்னு மட்டும் யாரும் கேக்கல. நீ சொல்லேன்."

உள்ளே அவரும் அவர் அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது கதவு வழியாகத் தெரிந்தது.

"கெட்டவரு இல்ல" என்றேன். "எங்கூட இருக்கிறப்போ ஒரு நாளும் பேசினதில்ல. உனுக்காக ஒரு நாள் பேசினாரு. நான் என் காதால கேட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. அதற்குள் உள்ளே அவள் பேரைக் கூப்பிட்டார்கள். புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள்.