வியாழக்கிழமை கடைசிப் பீரியட்

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவரை அட்டவணை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் எடுப்பது என்னவோ புவியியல். ஆனால் பத்தொன்பது வருடமாக, நீண்ட விடுமுறை வந்தால் போதும், நாற்பத்திரண்டு ஆசிரியர்களில் யார் எந்த வகுப்புக்கு எந்த மணிக்குப் போக வேண்டும் என்று கட்டம் போட்டுக் கொடுப்பது அவர் தலையில்தான் விழும். கேட்கிறவர்களுக்கு இது சின்ன வேலை. உட்கார்ந்து செய்து பார்த்தால்தான், ஒரு கட்டத்தை நகர்த்தினால் ஒன்பது கட்டம் முறைத்துக்கொள்வது புரியும்.

டீச்சரின் அட்டவணைக்கு ஓரத்தில் ஒரு பத்தி உண்டு. 'காரணம்' என்று அதற்குத் தலைப்பு. ஓவிய சாருக்கு மூன்றாவது மாடி வேண்டாம், முழங்கால். நூலக டீச்சருக்கு முதல் பீரியட் வேண்டாம், பஸ். கணக்கு சாருக்கும் உயிரியல் டீச்சருக்கும் பக்கத்துப் பக்கத்து வகுப்பு வேண்டவே வேண்டாம், ஏன் என்று கேட்கக் கூடாது. யார் எப்போது வந்து காதோடு காதாக என்ன சொன்னாலும் டீச்சர் அன்று சாயங்காலமே அதை ஏற்றிவிடுவார். அந்தப் பத்தியை ஒருவருக்கும் காட்டியதில்லை. அதுதான் தன் பெருமை என்று மனதுக்குள் வைத்திருந்தார். கொஞ்சம் அதிகமாகவே வைத்திருந்தார்.

இந்த வருடம் புதிய தலைமை ஆசிரியர் வந்தார். "எதுக்கு டீச்சர் இந்தக் கஷ்டம்? சாப்ட்வேர் ஒண்ணு இருக்கு, பத்து நிமிஷத்துல போட்டுக் குடுத்துடும்" என்றார். சாப்ட்வேருக்கு ஓவிய சாரின் முழங்காலைத் தெரியுமா என்று டீச்சர் வாய்விட்டே கேட்டுவிட்டார். தலைமை ஆசிரியர் சிரித்தார். "சரி, திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு உங்களுது என் மேசையில இருக்கட்டும். இல்லேன்னா சாப்ட்வேர் போட்டதை ஒட்டிடலாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அட்டவணை முக்கால்வாசி முடிந்திருந்தது. அப்போதுதான் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பெட்டியைத் திறந்து, பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே போடலாமா என்று கேட்டது. பயாஸ் என்பது கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புகிற நிரல். அது இல்லாவிட்டால் மற்றது எல்லாம் இருந்தும் இல்லாததுதான். மூன்று மாதமாக இந்தப் பெட்டி வந்து நச்சரித்துக்கொண்டிருந்தது. ஒழியட்டும் என்று டீச்சர் சரி என்று அழுத்தினார். நடுவில் அணைக்க வேண்டாம் என்று திரை எச்சரித்தது. அதையும் படித்தார். திரை கறுத்தது. துணி துவைக்கிற மிஷின் வேலை முடிந்து கத்தியது. டீச்சர் துணி காயப்போட மாடிக்குப் போனார்.

இங்கே டீச்சரின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் மின்பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் இல்லாத அறையில் ஸ்விட்ச் எரியக் கூடாது என்பது அவருடைய சட்டம். தினமும் நான்கு முறை வீட்டைச் சுற்றி வருவார். ஊருக்குப் போகும்போது ஒருமுறை ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அடித்த நாற்றத்தை அக்கம்பக்கம் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது ஒரு காலி நாற்காலி, ஒரு கறுப்புத் திரை, சுவரில் எரிகிற ஒரு சிவப்பு விளக்கு. டக்கென்று அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

டீச்சர் இறங்கி வந்து பார்த்தார். ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. அணைத்துப் போட்டார். கம்பியைப் பிடுங்கிச் சொருகினார். திரையைத் தட்டினார். பெட்டியையும் தட்டினார். உயிர் இருக்கிறது, நினைவு இல்லை.

"என்னங்க, இந்த ஸ்விட்சை யாரு அணைச்சது?"

"நான்தான். ஆளே இல்லாம ஓடிக்கிட்டிருந்துச்சு."

"உள்ள வேலை நடந்துக்கிட்டிருந்துச்சுங்க!"

"திரை கறுப்பா இருந்துச்சே?"

"கறுப்பா இருந்தா அணைச்சுடுவீங்களா? கண்ணை மூடிப் படுத்திருந்தா என்னையும் அணைச்சுடுவீங்களா?"

அவர், ஒரு போர்டு வச்சிருக்கலாமே என்று மட்டும் முணுமுணுத்தார். தொழிற்சாலையில் வேலை நடக்கிற இடத்தில் போர்டு மாட்டுவார்கள். டீச்சருக்கு வந்த கோபத்தில் காது மடல் வரை சூடாகிவிட்டது. தன் மேலும் பாதித் தப்பு இருக்கிறது என்று தெரிந்தபோது வருகிற கோபத்துக்குச் சூடு கொஞ்சம் அதிகம்தான்.

சனிக்கிழமை காலையில் இருவரும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் எதைச் சொன்னாலும் 'சரிதான்' என்று ஆரம்பிக்கிறவர்.

"சரிதான் மேடம். பயாஸ் போயிடுச்சு. சிப்பைக் கழட்டி வெளியில அனுப்பி எழுதி வாங்கணும். புதன்கிழமை ஆகும்."

"புதன்கிழமை எனக்கு எதுக்குங்க? உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க் வட்டை மட்டும் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, ஒரே ஒரு ஃபைலை எடுத்துக் குடுங்க."

கழற்றி மாட்டினார். நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண்ணைக் கேட்டது.

"சரிதான், வட்டைப் பூட்டி வச்சிருக்கீங்க மேடம். சொந்தக் கம்ப்யூட்டர்ல கேக்காது, வேற எதுல மாட்டினாலும் கேக்கும். அந்த நம்பரை எங்கயாவது எழுதி வச்சிருப்பீங்களே?"

எழுதித்தான் வைத்திருந்தார். அடுத்தவர் அந்தரங்கம் வெளியே போய்விடக் கூடாது என்று வட்டைப் பூட்டியவர், சாவி எண்ணை 'மிக முக்கியம்' என்று பெயர் வைத்து ஒரு ஃபைலில் பத்திரமாகச் சேமித்திருந்தார். அந்த ஃபைல் பூட்டிய வட்டுக்குள்தான் இருந்தது. கடைக்காரர் இந்தத் தடவை சரிதான் என்று சொல்லவில்லை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

வட்டைப் பழையபடி மாட்டி வாங்கி, பெட்டியோடு வீட்டுக்கு வந்ததும் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு அட்டவணையை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். கட்டங்கள் வந்தன. காரணங்கள்தான் பாதி வரவில்லை. வெட்கத்தைவிட்டு ஒவ்வொருவராகப் போன் போட்டார். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பழக்கம் ஆசிரியர்களுக்குக் கிடையாது. ஓவிய சார் தன் முழங்காலின் முழு வரலாற்றையும் சொன்னார். உடற்பயிற்சி சார் அட்டவணையை விட்டுவிட்டு, புதிய தலைமை ஆசிரியரைப் பற்றி அரை மணி நேரம் பொரிந்து தள்ளினார். டீச்சரின் காதும் வலித்தது, கையும் வலித்தது. பதினேழாவதாக வேதியியல் டீச்சரைப் பிடித்தார்.

"உங்களுக்கு வியாழக்கிழமை கடைசிப் பீரியட் கிடையாதுன்னு ஞாபகம். பையனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறதுக்காக, இல்லையா?"

வேதியியல் டீச்சர் சிரித்துவிட்டார். "ஐயோ டீச்சர், அதெல்லாம் முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. இப்ப அவன் வாயை மூட வைக்கறதுதான் கஷ்டம்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. நானும் வியாழக்கிழமையானா சீக்கிரம் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுப் பழகிட்டேன்."

டீச்சர் போனை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த ஒரு மணிக்காகப் போன வருடம் நடந்தது ஞாபகம் வந்தது. ஆங்கில டீச்சர், வேலைக்கு வந்து இரண்டு வருடமான பெண், ஸ்டாஃப் ரூமில் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பாவுக்கு டயாலிசிஸ், வியாழக்கிழமை சாயங்காலம்தான் இடம் கிடைத்திருக்கிறது, கடைசிப் பீரியட் மட்டும் இல்லாமல் இருந்தால் கூடப் போய் உட்கார்ந்திருப்பேன் என்று கேட்டாள். பத்தாம் வகுப்புக்கு அந்த மணியில் வேதியியல் அல்லது ஆங்கிலம், இருவரில் ஒருவர் நின்றாக வேண்டும். டீச்சர் பத்தியைப் பார்த்தார். வேதியியலுக்குக் காரணம் எழுதியிருந்தது. "இடமே இல்லைம்மா" என்றார். இரண்டாவது பருவத்திலும் வந்து கேட்டாள். இரண்டாவது முறையும் இடமில்லை என்றார். இடம் இருந்திருக்கிறது. அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இந்த வருடம் அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் எங்கே கொடுப்பது? வினாத்தாள் அட்டவணையில் எட்டாம் வகுப்புக்கு ஒரே மணியில் மூன்று ஆசிரியர்கள் நின்றார்கள். ஏழாம் வகுப்பு வாரத்தில் இரண்டு நாள் அனாதையாக இருந்தது. இதை மேசையில் வைத்தால் தலைமை ஆசிரியர் சாப்ட்வேரைப் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியூரிலிருக்கிற தம்பி போனில் கிடைத்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன்.

"ரொம்ப சிம்பிள் அக்கா. பெட்டிக்குப் பின்னாடி சின்னதா ஒரு பட்டன் இருக்கும். கம்பெனி சைட்லேருந்து பயாஸ் ஃபைலை பென் டிரைவ்ல ஏத்தி, அதுக்குன்னு இருக்கற ஓட்டையில சொருகி, பட்டனை அழுத்திப் பிடி. அதுவே எழுதிக்கும்."

"டேய், இதை வெள்ளிக்கிழமையே சொல்றதுக்கென்ன?"

"நீ வெள்ளிக்கிழமை கேக்கலையே."

ஃபைலை இறக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். கொண்டுவந்து சொருகிப் பட்டனை அழுத்தினார். விளக்கு மூன்று முறை மினுக்கிவிட்டு அப்படியே நின்றது. அப்படி நின்றால் தோல்வி. ஃபைல் இன்னும் சுருக்கின பொட்டலமாகவே இருக்கிறது, பிரித்துப் போடணும் என்றான் தம்பி. மறுபடி ஓடினார். பிரித்து, அவன் சொன்ன பெயரை எழுத்து மாறாமல் வைத்தார். மூன்று மினுக்கல், தோல்வி. ஃபைல் பெயரின் கடைசி மூன்றெழுத்தைக் கம்ப்யூட்டர் வழக்கமாக மறைத்து வைக்குமாம். டீச்சர் அதைத் தானும் ஒருமுறை எழுதியதால் பெயருக்கு இரண்டு வால் முளைத்திருந்தது. மூன்றாவது நடை. ஜெராக்ஸ் கடை அம்மா கடையைச் சாத்தப் போனவர், டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திறந்துவிட்டார்.

மூன்றாவது முறையும் தோல்வி.

"சிம்பிள்தான் அக்கா, எங்கயோ ஒரு சின்ன..."

"இன்னொரு தடவை சிம்பிள்னு சொன்னே, நேர்ல வந்து அறைவேன்."

வீட்டுக்காரர் இரண்டு நாளாக அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. இப்போது டார்ச்சோடு வந்தார். அனுமதி கேட்கவில்லை. தரையில் படுத்து, மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, பெட்டியின் முதுகில் இருந்த எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"பயாஸ்னு எழுதின ஓட்டை மேல இருக்கு. நீ கீழ சொருகியிருக்கே."

மாற்றிச் சொருகினார். டீச்சர் பட்டனைப் பிடித்தார். மூன்று மினுக்கல். பிறகு நான்காவது. ஐந்தாவது. விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. ஏழு நிமிடம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. டீச்சர் ஸ்விட்சைப் போட்டார். திரையில் வெளிச்சம் வந்தது. சாவி எண் கேட்கவில்லை. அட்டவணை வெள்ளிக்கிழமை மத்தியானம் விட்ட இடத்தில் அப்படியே நின்றது. டீச்சர் "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

முதல் வேலையாக வியாழக்கிழமை கடைசிப் பீரியடுக்குப் போனார். வேதியியல் டீச்சரின் காரணத்தை அழித்தார். பத்தாம் வகுப்புக்கு அவரையே போட்டார். ஆங்கில டீச்சரின் கட்டத்தைக் காலியாக்கினார். அந்த ஒரு மாற்றத்துக்காகப் பதினோரு கட்டங்களை நகர்த்தி, சாயங்காலத்துக்குள் ஒரு வழியாக எல்லாவற்றையும் உட்கார வைத்தார். கையோடு அவளுக்குப் போன் போட்டார். நல்ல செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்று ஆசை.

"அம்மா, நான்தான் அட்டவணை டீச்சர். இந்த வருஷம் வியாழக்கிழமை கடைசிப் பீரியட் உனக்குக் கிடையாது. அப்பா கூடத் தாராளமாப் போகலாம்."

"ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்" என்றாள். "ஆனா இனிமே வேண்டாம். லீவு விட்ட ரெண்டாவது வாரமே அப்பா போயிட்டாங்க."

டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஒரு வருடம், நாற்பது வியாழக்கிழமை, அந்த மனிதர் தனியாகப் போய்த் தனியாகப் படுத்திருந்திருக்கிறார். இடமில்லை என்று சொன்ன வாய் தன்னுடையது. சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, எல்லாக் கட்டமும் தன் விரல் நுனியில் இருக்கிறது என்று.

"டீச்சர், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"அந்தப் பீரியட் எனக்கே போட்டுடுங்க டீச்சர். சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன பண்ணப்போறேன்?"

டீச்சர் போனை வைத்தார். பிறகு பதினோரு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். பத்தாம் வகுப்பு, வியாழக்கிழமை, கடைசிப் பீரியட், ஆங்கிலம். காரணம் என்ற பத்தியில் எழுத ஒன்றும் இல்லை. அட்டவணையில் எங்கேயும் ஒரு கட்டமும் இடிக்கவில்லை. சேமிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. டீச்சர் சரி என்று அழுத்தினார்.