மஞ்சின் மேல் விழுந்த பழி

தனு, அதாவது மார்கழி மாதத்துக் காலைப் பேருந்தில் சன்னல் கம்பியில் நெற்றியை வைத்தால் பல்லின் வேர்வரை கூசும். எங்கள் பாறசாலைப் பக்கத்துக் குளிரைக் குளிர் என்று சொன்னால் வடக்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எட்டு வயதில் எனக்கு அது தாராளமாகப் போதும். கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் அம்மா என்னையும் என்னைவிட மூன்று வயது இளைய தங்கை பிந்துவையும் கூட்டிக்கொண்டு உதியன்குளங்கரையில் பஸ் ஏறி, நெய்யாற்றின்கரையில் ஒன்று, காட்டாக்கடையில் இன்னொன்று என்று மாறி, கள்ளிக்காட்டில் மாமா வீட்டுக்குப் போய்ச் சேருவாள். ரப்பர் மரத்தில் பால் நன்றாகச் சுரக்கும் காலம் அது; மாமாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும்.

காட்டாக்கடை தாண்டினால் சாலையின் இருபுறமும் ரப்பர் இலைகள் சிவக்கத் தொடங்கியிருக்கும். மாமா வீட்டிலிருந்து சரிவில் இறங்கினால் அணையின் நீர்ப்பரப்பு, அதன்மேல் பனி. நாங்கள் அதை "மஞ்சு" என்போம். எதிர்க்கரை இருக்காது, மலை இருக்காது, ஒரு வள்ளத்தின் முனை மட்டும் தெரியும். அதைவிட அழகான ஒன்றை நான் பிறகு எந்த ஊரிலும் கண்டதில்லை என்று எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மை.

பிந்துவுக்கு இழுப்பு உண்டு. அதனால் எனக்கு எட்டு வயதான அந்த வருடம் அம்மா எங்களைக் கீழே விடவில்லை. "பிள்ளைக்கு ஆவாது மக்கா" என்றாள். நான் இரண்டு நாள் அழுது அடம்பிடித்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும், பட்டை கீறி முடித்த மரங்களில் பால் வடிந்துகொண்டிருந்த இடைவேளையில், அலுத்துப்போய்க் கூட்டிப்போனாள். பிந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மஞ்சைத் தின்பதாகச் சொன்னாள். திரும்பி வரும்போது அவள் நெஞ்சு சீழ்க்கையடித்தது.

மாமா வீட்டின் பின்னால் "புகைப்புரை" இருந்தது. ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே தேங்காய் உரித்த மட்டையை, நாங்கள் சொல்லும் தொண்டு, எரித்து உலர்த்தும் சிறிய அறை. ரப்பர் உள்ள வீடுகளில் மழைக்காலத்தில் துணி காய்வதும் பனிக்காலத்தில் குளிர்காய்வதும் அங்கேதான். சூடு என்றால் எங்களுக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும். அம்மா உள்ளே ஒரு சாக்கை விரித்து, பிந்துவைத் தன் சேலையால் பொதிந்து இருத்தினாள்.

"இங்க இரி மக்கா, நல்ல சூடு உண்டு. அம்ம பால் எடுத்திட்டு வாறேன்."

மரங்களில் கட்டிய சிரட்டைகளில் வடிந்த பாலை உறைவதற்குள் எடுத்தாக வேண்டும். என்னிடம், "கதவச் சார்த்திட்டு வெளிய இரி, சூடு போவப்பிடாது" என்று சொல்லிவிட்டு வாளியோடு ஓடினாள். நான் சார்த்தினேன். தொண்டு ஈரமாக இருந்திருக்க வேண்டும், கதவிடுக்கில் புகை கசிந்தபடி இருந்தது. உள்ளே இருமல் கேட்டது. நான் முற்றத்தில் விழுந்த இலைகளில் நல்ல சிவப்பாகப் பார்த்துப் பொறுக்கினேன். பிறகு இருமல் நின்றது. உறங்கிவிட்டாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பொறுக்கினேன்.

அம்மா திரும்பி வந்து கதவைத் திறந்து அலறியதும் மாமா ஜீப் பிடித்தார். ஆனால் காட்டாக்கடை எட்டுவதற்கு முன்பே அம்மாவின் மடியில் பிந்து போய்விட்டாள்.

"மஞ்சு கொண்டதாக்கும்" என்றார் மாமா. வந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் புகையின் மேல் சந்தேகம் வரவில்லை. புகை எங்களுக்கு வீட்டு ஆள் மாதிரி. மஞ்சைப் பார்க்க அழுதவள் நான் என்பதால், என்னைத் திட்டாதவர்கள்கூட என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். தங்கையைக் கொன்றவள் நான்தான் என்று நம்பியே வளர்ந்தேன், படித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன்.

என் மகனுக்கும் இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே வீட்டில் விறகடுப்பு உண்டா என்றுதான். "குளிரைவிடப் புகைதான் மோசம், மூடிய அறையில் புகை இருந்தால் ஆளையே கொன்றுவிடும்" என்றார். அத்தனை வருடம் சுமந்த பாரம் இறங்கியது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். மறுநிமிடம் அந்தப் பாரம் இனி யார் தலையில் ஏறும் என்று புரிந்தது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். மாமா இல்லை. புகைப்புரை இருந்த இடத்தில் கரி படிந்த நாலு கல் கிடக்கிறது; அந்தப் பக்கத்தில் பலர் பாலை அப்படியே பீப்பாயில் ஊற்றி விற்றுவிடுகிறார்கள். மஞ்சும் முன்போல் இறங்குவதில்லை, ஏதோ பேருக்கு வந்து ஏழு மணிக்கெல்லாம் கலைந்துவிடுகிறது. அம்மாவுக்கு அதுவே போதும்.

"சன்னல அடை மக்கா, மஞ்சு வருது" என்றாள் நேற்றுக் காலையிலும். பிறகு, ஒவ்வொரு தனுவிலும் சொல்வதைச் சொன்னாள்: "அன்னைக்கு நீ அழாம இருந்திருந்தா எம்பிள்ள இருந்திருப்பா."

"ஆமாம்மா" என்று சொல்லிச் சன்னலை அடைத்தேன்.