இருபத்தொன்பதாம் நாள் டிரங்க் கால்

கோத்தகிரியில் என் பக்கத்து வீட்டு மருமகள் போன நோன்பின் கடைசி நாளன்று ஒரு தூக்கு நிறையக் கஞ்சி கொண்டுவந்தாள். நான் அதை என் பாத்திரத்துக்கு மாற்றுவதற்குள் அவள் கையிலிருந்த செல்போன் நாலைந்து தடவை கூவிவிட்டது. "பிறை தெரிஞ்சிருச்சாம் ஆன்ட்டி, நாளைக்குப் பெருநாளுங்க" என்றாள். எந்த ஊரில் தெரிந்தது, யார் பார்த்தது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அதனால் என்ன, செய்தி வந்துவிட்டது, அவள் மருதாணி அரைக்கப் போய்விட்டாள். இந்த ஒரு செய்திக்காக நான் ஒரு நாள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல நேரமில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பாத்திரத்தின் மூடியைத் திறந்தால் பூண்டும் வெந்தயமும் புதினாவும் சேர்ந்த வாசனை. மற்றவர்களுக்கு அது பள்ளிவாசல் வாசனை. எனக்கு அது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாசனை. பேட்டரி அறையின் அமில நெடி, நனைந்த குடைகள், அதற்கு நடுவில் இந்தக் கஞ்சி. அப்போது நான் கோத்தகிரி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். யாராவது போனை எடுத்தால் இணைப்புப் பலகையில் சின்னத் தகடு ஒன்று விழும், பிளக்கைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் முடிவானது, யாருடைய தேயிலை என்ன விலைக்குப் போனது எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் ஒட்டுக் கேட்டதில்லை, காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

நோன்பு மாதத்தில் தினமும் சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு தூக்குக் கஞ்சி வரும். வேலை செய்த நாங்கள் யாரும் முஸ்லிம் இல்லை. பஸ் ஸ்டாண்டு கூலிக்காரர்களுக்கும் போகும், ஆஸ்பத்திரிக்கும் போகும், எங்களுக்கும் வரும். தவக்காலத்தில் டீக்குச் சர்க்கரை போடுவதில்லை என்று சபதம் எடுத்து மூன்றாம் நாளே கைவிடுகிற நான், அடுத்தவர் நோன்பில் மட்டும் ஒரு நாளும் தவறியதில்லை. அந்த மாதம் முடியும்போது என் ரவிக்கைகள் எல்லாம் இறுக்கமாகிவிடும்.

அந்த ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்துத் தந்தவர்தான் யூசுப் பாய். இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மண்டபம் முகாமிலிருந்து லாரிகளில் தகரப் பெட்டிகளோடு வந்து கீழ் கோத்தகிரித் தோட்டங்களில் இறங்குவார்கள். பெரும்பாலும் இந்துக்கள், கொஞ்சம் எங்கள் மாதா கோயில்காரர்கள். முஸ்லிம் என்று பார்த்தால் அபூர்வம். ஹட்டன் பக்கம் தோட்டக் கடைவீதியில் தையல்கடை வைத்திருந்த யூசுப் பாயும் அவர் மனைவியும் அந்த வருஷம் நோன்பு மாதத்தின் நடுவில் வந்து சேர்ந்தார்கள். ஜமாஅத்தார் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பழைய தையல் மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே ஒரு கடை வாசலில் மிஷினைப் போட்டு உட்கார்ந்தார். மிஷின் ஓடும் சத்தம் என் பலகை வரைக்கும் கேட்கும்.

சும்மா இருக்க மாட்டாமல் கஞ்சி காய்ச்சவும் ஒத்தாசைக்குப் போனார். போன முதல் நாளே கஞ்சியில் தேங்காய்ப்பால் ஊற்றிவிட்டார். "எங்க பக்கம் இப்பிடித்தான்" என்றாராம். பள்ளிவாசலில் இரண்டு நாள் இதே விவாதம். மூன்றாம் நாள் தேங்காய்ப்பால் இல்லாமல் வந்தபோது நான்தான் "ஏனுங்க, பாலு எங்கீங்க?" என்று கேட்டு அசடு வழிந்தேன்.

தேங்காய்ப்பாலோடு போயிருந்தால் பரவாயில்லை. யூசுப் பாய் அங்கிருந்து இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார், கூடுதலாக ஒரு நோன்பு. சிலோனில் ஒரு நாள் முன்னதாகவே பிறை தெரிந்து நோன்பு தொடங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டேதான் கப்பலேறினார். எங்கள் மலையில் ஐப்பசி மூட்டத்தில் பிறை எங்கே தெரிகிறது, மறுநாள்தான் ஆரம்பித்தார்கள். பள்ளிவாசலில் பதினைந்து என்றால் இவர் பதினாறு என்பார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். மாதம் முடிய முடியச் சிரிப்பு நின்றது. தனக்கு முப்பது முடிந்த மறுநாள் தனக்குப் பெருநாள், ஊர் இன்னும் நோன்பு வைத்திருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியாக இருந்த அரிசிக்கடை ராவுத்தருக்குக் கோபம் மூக்குக்கு மேல். எல்லோர் முன்னாலும், "இந்த ஊர்க் கஞ்சியக் குடிக்கறவரு இந்த ஊர்ப் பிறையத்தானுங்க பாக்கோணும்" என்று சொல்லிவிட்டார்.

அன்று தூக்கோடு வந்த யூசுப் பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது, "மகள், கொழும்புக்குக் கதைக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார். அது அவருடைய ஒரு மாத வருமானத்துக்கு மேல். பிறகு அவராகவே சொன்னார். ஒரே மகள் ஜெசீமா. அங்கேயே, கொழும்பில் கட்டிக்கொடுத்த பெண். மாப்பிள்ளை வீட்டுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, இவர்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை.

"கப்பலடியில உம்மாட கையப் புடிச்சிக்கிட்டு அவ ஒண்டுதான் சொன்னா. நீங்க அங்க இருந்தாலும் நாங்க இங்க இருந்தாலும் பெருநாள் மட்டும் ஒரே நாளா இருக்கட்டும் வாப்பா எண்டா. அதுக்குத்தான் மகள் எண்ணிக்கிட்டே வாறன்."

மறுநாள் ராவுத்தர் அரிசி லோடுக்கு வெளியூருக்கு டிரங்க் கால் பதிவு செய்ய வந்தபோது விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். ரகசியம் காப்பதில் எங்கள் இலாகாவின் பெருமையை நான் இப்படித்தான் காப்பாற்றினேன். ராவுத்தர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். லைன் கிடைத்துக் கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை.

"வயித்துக்கு நோன்பு வெச்சனுங்க அம்மிணி, வாய்க்கு வெக்கலீங்களே" என்றார்.

நேரே ரோட்டைத் தாண்டிப் போனார். மிஷின் சத்தம் நின்றது. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யூசுப் பாய் எழுந்து நின்றதும், ராவுத்தர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டதால் பிறை மாறிவிடாது. "ஊரையெல்லாம் என்னால அவரு கணக்குக்கு இழுக்க முடியாதுங்க. மகளை உட்டுட்டு வாங்கன்னு அவர்கிட்டயும் சொல்ல முடியாதுங்க" என்று திரும்பி வந்து என்னிடம் புலம்பினார்.

ஒரு வழிதான் இருந்தது. எங்கள் ஊருக்கு இருபத்தொன்பதாம் நோன்பு அன்று யூசுப் பாய்க்கு முப்பது. முந்தின நாள் கொழும்பில் பிறை தெரியவில்லை என்று ரேடியோ சொல்லியிருந்தது, ஆகவே ஜெசீமாவுக்கும் நாளைதான் பெருநாள். இன்று சாயங்காலம் பிறை தெரிந்துவிட்டால் எங்கள் ஊருக்கும் நாளையே பெருநாள். தெரியாவிட்டால் ஊர் இன்னொரு நோன்பு வைக்கும், யூசுப் பாயும் அவர் மனைவியும் அந்த அறையில் தனியாகப் பெருநாள் கொண்டாடுவார்கள்.

அன்று பார்த்து மூட்டம். எதிர்க்கடை விளக்கே மங்கலாகத்தான் தெரிந்தது, இதில் பிறையை எங்கே தேட. கீழே எங்காவது பார்த்தவர்கள் போனில் சொன்னால்தான் உண்டு. மத்தியானம் பெய்த மழையில் மேட்டுப்பாளையம் பாதையில் மரம் விழுந்து அந்த லைன் செத்திருந்தது. மிச்சம் குன்னூர் லைன் ஒன்றுதான், அதிலும் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம். ராவுத்தர் எக்ஸ்சேஞ்ச் பெஞ்சிலேயே ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார். வெளியே தூறலில் ஜமாஅத்தார் குடையோடும் குடையில்லாமலும் நின்றார்கள். விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

குன்னூர் பலகையில் என் சிநேகிதி ஸ்டெல்லா. "கோயமுத்தூர்ல பாத்துட்டாங்களாமா, இப்பத்தான் ஒருத்தர் பேசிட்டிருந்தாரு" என்றாள். நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, "பிறை தெரிஞ்சிருச்சுங்க!" என்று கூவினேன். எல்லோரும் ராவுத்தரைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

"யாரு பாத்தாங்க?"

"யாரோ பேசினாங்களாம்..."

"யாரோ போதாதுங்க அம்மிணி. தெரிஞ்ச ஆளு வாயால, சாட்சியோட வரோணும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மனுஷனுக்கு இவ்வளவு ஆசை இருந்தும் இப்படியா என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, யூசுப் பாய்க்காகப் பிறையைக் கொஞ்சம் சுலபமாக்கிக்கொண்டால் ஊரில் பாதி பேர் நாளை தொழ வர மாட்டார்கள். அவரையும் சேர்த்துக்கொண்டு ஊர் முழுதும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்றால் செய்தி சுத்தமாக வந்தாக வேண்டும்.

ஸ்டெல்லாவைக் கெஞ்சினேன். அவள் கோயமுத்தூரைக் கெஞ்சினாள். லைன் வந்தது, போனது. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் எதிரே மிஷின் சத்தம் நிற்கும். ஒன்றுமில்லை என்றால் மெதுவாக மறுபடி ஓடும். கடைசியில் கோயமுத்தூர்ப் பள்ளிவாசல் இமாமே லைனில் வந்தார். ராவுத்தருக்குப் பல வருஷப் பழக்கம். இரைச்சலில் அவர் சொல்வது ராவுத்தருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. ஆனால் என் வாயால் சொன்னால் செல்லாது. "சார், இன்னும் சத்தமா! இன்னும் சத்தமா சொல்லுங்க!" என்று நான் கத்த, ராவுத்தர் ரிசீவரைக் காதோடு நசுக்கிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு பேர் கண்ணால் பார்த்ததாகப் பள்ளியில் வந்து சாட்சி சொன்னார்களாம். குரலும் பழகின குரல்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று ரிசீவரைத் தப்பான கொக்கியில் மாட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

எதிரே மிஷின் ஓடவில்லை. கழுத்தில் இஞ்ச் டேப்போடு யூசுப் பாய் ரோட்டில் வந்து நின்றார். ராவுத்தர் படியிறங்கிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார். பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கத் தொடங்கியதும்தான் ஒருத்தர் "ஐயோ, எஞ் சட்டை?" என்றார். உடனே எல்லோருக்கும் தைக்கக் கொடுத்த சட்டை நினைவுக்கு வந்துவிட்டது. யூசுப் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க, போங்க, இனித்தான் எனக்கு வேலை" என்று ஓடினார்.

மறுநாள் தொழுகை முடிந்து ஒரு தட்டில் வட்டிலப்பம் கொண்டுவந்தார். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்த அந்தப் பலகாரத்தை நான் அன்றுதான் முதல்முதலாகச் சாப்பிட்டேன். ராவுத்தரும் தானும் தோளோடு தோள் உரச ஒரே வரிசையில் தொழுததாகச் சொன்னார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப அங்கயும் தொழுது முடிஞ்சிருக்கும். அவளும் வட்டிலப்பம் வெட்டிக்கிட்டிருப்பா மகள்."

அடுத்த வருஷத்திலிருந்து அவர் முதல் நோன்பையே ஊரோடு தொடங்கினார். ஒரு வருஷம் கொழும்புக்கு ஒரு நாள் முந்திப் பெருநாள் வந்துவிட்டது. வருத்தமா என்று கேட்டேன். "அவளுக்கு அவட ஊர் இருக்கு, எனக்கு எண்ட ஊர் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் ரவிக்கைக்கு ஊசி கோத்தார். எண்ட ஊர் என்று அவர் சொன்னதை நான் ராவுத்தரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில் பலகையை என்றோ கழற்றிவிட்டார்கள். யூசுப் பாயும் இல்லை, ராவுத்தரும் இல்லை. இன்று ஜெசீமாக்கள் பெருநாள் உடுப்போடு செல்போனில் வாப்பாவுக்கு முகம் காட்டிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளா, வேறு நாளா என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருத்தருடைய மகளுக்காக மழையில் நின்றுகொண்டு, பிறை தெரிந்ததா என்று என் ஜன்னலைப் பார்த்த அத்தனை முகங்களும் இப்போது இல்லை.